உடைப்பதற்கு முன் ஒரு கடிதம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மேடவாக்கத்தில் அறுபது வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். 2022 ஜூனில் சாவி கொடுத்தார்கள். வீட்டின் விலை 58 லட்சம். போன ஐப்பசி மழையிலிருந்து எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடி மாமா வீட்டு சீலிங்கில் ஈரம். முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. இப்போது அவர்கள் படுக்கையறைச் சுவர்வரை இறங்கி, பெயிண்ட் உப்பி உதிர்கிறது. மழைத் தண்ணீர் என்று நினைத்தோம். தை பிறந்தும் காயவில்லை. பில்டரிடம் சொன்னதும் ஒரு பையன் வந்து டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தடவிவிட்டுப் போனான். நிற்கவில்லை. மறுபடி கேட்டதற்கு மெயிலில் பதில் வந்தது: பிளம்பிங்கிற்கு வாரண்டி ஓராண்டுதானாம், அது 2023-லேயே முடிந்துவிட்டதாம். இது கட்டமைப்புக் குறை அல்லவாம். நாங்கள் கீசர் மாட்டியபோது லைனைத் தொட்டுவிட்டோமாம். கீழ் வீட்டு மாமா தினமும் படியேறி வந்து நிற்கிறார். வெளி பிளம்பர் 38,000 ரூபாய் கேட்கிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை உடைத்துவிடலாம் என்கிறார். உடைத்துவிடட்டுமா? செலவை பில்டரிடம் வாங்க முடியுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பருக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்களுக்கு வந்த மெயிலைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த மூன்று காரணங்களையும் ஏறக்குறைய அதே வரிசையில் நானே எழுதியிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை கட்டுமானக் கம்பெனிகளில்தான் வேலை. கடைசி சில வருஷங்கள், சாவி கொடுத்த பிறகு வருகிற புகார்களெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். 'ஓராண்டு முடிந்தது' என்று ஒரு வரி எழுதினால் பத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களிலும் பாதிப் பேர் அதற்குள் தரையை உடைத்துச் சரிசெய்துவிட்டு, கையில் ஒரு துண்டுச்சீட்டு பில்லோடு வருவார்கள். அவர்களைச் சமாளிப்பது அதைவிடச் சுலபம். "எங்கே சார் கசிந்தது? காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். காட்ட என்ன இருக்கும்? புது டைல்ஸ்தான் இருக்கும்.

இதை ஊருக்குச் சொல்கிற நானே அதில் மாட்டிக்கொண்டவன். ரிட்டயர் ஆகிக் குடிபோன எங்கள் அடுக்ககத்தில் சமையலறைச் சுவருக்குள் கசிவு. வீட்டுக்காரம்மாவின் அவசரம், என் திமிர் (நமக்குத் தெரியாத பிளம்பிங்கா?), ஒரே காலையில் சுவரைக் கொத்தித் திறந்தாயிற்று. உள்ளே பித்தளை மரை வைத்த ஒரு எல்போ, தலைமுடி கனத்துக்கு நீளவாட்டில் விரிசல். மரையை அளவுக்கு மீறி முடுக்கினால் அப்படித்தான் பிளக்கும். மாட்டியவன் செய்த தப்பு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேடைமேல் வைத்தேன். சாயங்காலம் பில்டருக்கு எழுத உட்கார்ந்தபோது எல்போவைக் காணோம். ஹெல்பர் பையன் ஜல்லி, மண்ணோடு சேர்த்து மூட்டை கட்டி, மூட்டை குப்பை வண்டியும் ஏறிவிட்டது. போட்டோகூட எடுக்கவில்லை. பில்டர் ஆள் மிக மரியாதையாகக் கேட்டார்: "எங்கே சார் கசிந்தது?"

அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

இனி அந்த மூன்று காரணங்களைப் பார்ப்போம். 'வாரண்டி ஓராண்டு' என்பது உங்கள் கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும். நம் ஊரில் யூ.டி.எஸ். (மனையில் நமக்குரிய பிரிக்கப்படாத பங்கு) என்பதற்கு ஒரு பத்திரம், கட்டுவதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் என்று இரண்டாகப் போடுவது வழக்கமல்லவா, அந்த இரண்டாவதில் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் கிடக்கும். ஆனால் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரெரா என்கிறோமே அது, 14-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில் வேறு கணக்குச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் குறையை பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் மேற்கொண்டு காசு வாங்காமல் முப்பது நாளில் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சட்டம் கொடுத்த ஐந்து வருஷத்தை ஒப்பந்தத்தின் பொடி எழுத்து ஒன்றாகக் குறைக்க முடியாது. உங்களுக்கு 2027 ஜூன்வரை நாள் இருக்கிறது. சாவி கொடுத்தபோது ஒரு ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அதைத் தேடி எடுத்து வையுங்கள். தேதிக்கு அதுதான் ஆதாரம்.

'கட்டமைப்புக் குறை அல்ல' என்பது பாதிப் பிரிவை மட்டும் படித்தவர் பேச்சு. தூணும் பீமும் மட்டும் அதில் இல்லை. வேலைப்பாடு, தரம், வசதிகள் அமைத்துக் கொடுத்தது ஆகியவற்றில் உள்ள குறையும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. தரைக்குள் புதைத்த பைப்பின் ஜாயிண்ட் சரியாக ஒட்டவில்லை என்றால் அது வேலைப்பாட்டுக் குறை. வேறென்ன?

மூன்றாவதுதான் விஷயமுள்ள காரணம். குறை உங்கள் கைவேலையால் வந்தது என்று அவர்கள் காட்டிவிட்டால் நீங்கள் தோற்பீர்கள். தோற்கவும் வேண்டும். நியாயம் அதுதான். ஆகவே உடைக்காமலேயே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம்.

கீழ் வீட்டு மாமாவிடம் அனுமதி கேட்டு, ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று நாள் அந்த பாத்ரூமில் யாரும் குளிக்கக் கூடாது, ஆனால் தண்ணீர் வால்வு திறந்தே இருக்கட்டும். சொட்டு நிற்காமல் தொடர்ந்தால், ஈரம் கோட்டைத் தாண்டினால், சப்ளை லைனில் கசிவு. அதில் ராத்திரி பகல் எப்போதும் அழுத்தம் இருக்கும். அடுத்து வால்வை மூடிப் பாருங்கள். சொட்டு மெல்ல அடங்கினால் உறுதி. ஒரே நாளில் காயும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாத்ரூம் தளத்தை ஓரடி பள்ளமாகப் போட்டு, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருப்பார்கள். அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கக்கும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தப்பாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

குளித்தால் மட்டும் சொட்டு, இல்லாவிட்டால் இல்லை என்றால் கழிவு லைன், நானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் துவாரத்துக்குக் கீழே இருக்கும் அமைப்பு), அல்லது தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங். இதற்கு நம் வீட்டுச் சொட்டு நீலமே போதும். முதல் நாள் நானி ட்ராப்புக்குள் மட்டும் நீலம் கலந்த தண்ணீரை ஒரு வாளி மெதுவாக ஊற்றுங்கள். கீழே நீலம் தெரிந்தால் ட்ராப் அல்லது பைப். தெரியாவிட்டால் சில நாள் விட்டு, ட்ராப் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை உயரம் நீலத் தண்ணீர் தேக்கி ஒரு முழு நாள் விடுங்கள். இப்போது கீழே வந்தால் தளம். ஜல்லி வடிகட்டி நிறம் மங்கித்தான் வரும். சொட்டுகிற இடத்தில் வெள்ளைத் துணி கட்டி வைத்தால் தெரிந்துவிடும்.

கீசர் என்ன செய்யும்? அது ஆறடிக்கு மேலே, பில்டரே விட்டுப்போன பாயிண்டில், ஆங்கிள் வால்வில், இரண்டு ஹோஸ் மூலம் மாட்டியது. அதைத் தொட்டவர் தரைக்குள் கைவிட்டிருக்க முடியாது. சுவரை உடைத்து லைனை நீட்டியிருந்தால் கதை வேறு. அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மனசுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். சப்ளை லைன் என்று சந்தேகம் வந்தால் பிளம்பரை வைத்து பிரஷர் டெஸ்ட் எடுங்கள். குழாய் வாய்களையெல்லாம் அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. கீசர் லைனைத் தனியாக, குளிர்ந்த நீர் லைனைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். முள் எந்த லைனில் இறங்குகிறது என்பதில் அந்த மூன்றாவது காரணத்துக்கான பதில் இருக்கிறது. மீட்டரை ஆரம்பத்திலும் முடிவிலும் கடிகாரத்தோடு சேர்த்து வீடியோ எடுங்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஓர் எச்சரிக்கை: கீழ் வீட்டு சீலிங்கில் ஈரத்துக்குப் பக்கத்தில் லைட் பாயிண்ட் இருந்தால் அந்தச் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (மின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை) இன்றே இறக்கச் சொல்லுங்கள். வழக்கு காத்திருக்கும், மின்சாரம் காத்திருக்காது.

பிறகு கடிதம். மெயிலும் அனுப்புங்கள், காகிதத்திலும் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட், சேர்த்ததற்கான சான்றோடு. மெயின்டனன்ஸ் பையனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியதை 'கவனத்துக்குக் கொண்டுவந்தது' என்று நம்பி இருக்காதீர்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம்; என் மேஜைக்கு வந்த கடிதங்களில் நாலு பக்கம் திட்டி எழுதியவற்றை நான் ஓரமாக வைத்துவிடுவேன். பயந்தது அரைப்பக்கக் கடிதங்களுக்குத்தான். ஒப்படைத்த தேதி, முதலில் புகார் சொன்ன தேதி, வெள்ளைச் சிமெண்ட் தடவிப்போன தேதி (அவர்கள் ஆள் வந்து ஒரு வேலை செய்ததே, பொறுப்பு தங்களுடையது என்று ஒருமுறை நடந்துகொண்டதற்கு அடையாளம்; அதை விட்டுவிடாதீர்கள்), சோதனையில் கண்டது, 14(3) பிரிவின்படி முப்பது நாளில் சரிசெய்யக் கோரிக்கை. கோரிக்கையில் தரையை உங்கள் முன்னால் திறக்க வேண்டும், அதே டைல்ஸை அதே நிறத்தில் பதிக்க வேண்டும், கீழ் வீட்டு சீலிங்கையும் சுவரையும் பழையபடி ஆக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள். டைல்ஸ் விஷயம் அற்பமாகத் தெரியும். அதே மாடல் நின்றுபோய், வெள்ளைத் தரை நடுவில் சந்தன நிறத்தில் நாலு சதுரம் பதித்துவிட்டுப் போன பாத்ரூம்களை நான் பார்த்திருக்கிறேன். அசோசியேஷன் ஸ்டோரில் மிச்ச டைல்ஸ் பெட்டி இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள், பெட்டியின்மேல் ஷேட் நம்பர் போட்டிருக்கும்.

கீழ் வீட்டு மாமாவையும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவரும் அதே பில்டரிடம் வீடு வாங்கியவர், அவருக்கும் தனியாகப் புகார் செய்யும் உரிமை இருக்கிறது. தினமும் படியேறி வருகிறவரை ஒருநாள் உட்கார வைத்துக் காபி கொடுத்து, பென்சில் கோட்டைப் பற்றிப் பேசுங்கள். சீலிங் அவருடையது, அவர்தான் சாட்சி.

முப்பது நாள்வரை என்ன செய்வது என்கிறீர்களா? அந்த பாத்ரூம் வால்வை மூடிவிட்டு இன்னொன்றைப் பயன்படுத்துங்கள். சிரமம்தான். இரண்டு பாத்ரூமுக்கும் ஒரே வால்வு என்றால் பிளம்பரிடம் சொல்லி அந்த லைனை மட்டும் மேலே பிரித்து மூடி போடச் சொல்லுங்கள், சில நூறு ரூபாயில் முடியும்.

கெடு முடிந்தும் வரவில்லை என்றால், இன்ன தேதியில் திறக்கிறோம், வந்து பாருங்கள் என்று இன்னொரு கடிதம் போட்டுவிட்டு உடைக்கலாம். அன்றைக்கு அசோசியேஷன் செயலாளரும் மாமாவும் இருக்கட்டும். முடிந்தால் தனியார் சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் கையெழுத்துப் போட்ட அறிக்கை வாங்குங்கள். முதல் சம்மட்டி விழுவதிலிருந்து வீடியோ ஓடட்டும். கசிந்த துண்டை இரண்டு பக்கமும் ஒரு சாண் பைப்போடு சேர்த்து அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். பைப் உடம்பில் ஓடுகிற எழுத்தைப் போட்டோ எடுங்கள். சப்ளைக்கான சிபிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக்) பைப் என்றால் ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர எண் இருக்க வேண்டும். கழிவு பைப்புக்கு ஐ.எஸ். 13592, அதில் டைப் ஏ என்பது மழைநீருக்கும் காற்றுப் போக்குக்கும் உரியது, கழிவுக்கு டைப் பி. தரைக்குள் டைப் ஏ கிடந்தால் வேலைப்பாடு போக, தரமும் உங்கள் கையில் சாட்சியாகக் கிடைக்கிறது. துண்டைத் துணியில் சுற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். மேடைமேல் வைக்காதீர்கள்! பிளம்பரிடம் செய்த வேலையை வரிவரியாக எழுதிய பில் வாங்கி, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

எங்கே போவது? இரண்டு வாசல் உண்டு. ஒன்று, தமிழ்நாடு ரெரா ஆணையம். பில்டர் வந்து சரிசெய்ய உத்தரவு வேண்டும் என்றால் படிவம் எம். நீங்களே செலவழித்துவிட்டுப் பணம் கேட்டால் அது இழப்பீடு. அதை முடிவு செய்பவர் ஆணையத்தின் தீர்ப்பு அதிகாரி, அவருக்குப் படிவம் என். இழப்பீட்டை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, உடைப்பதற்கு முன் போனால் ஒரு கதவு, உடைத்த பின் போனால் இன்னொன்று. தெரியாமல் ஒன்றில் இரண்டையும் கேட்டு மாசக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

இன்னொரு வாசல் நுகர்வோர் ஆணையம். ரெரா இருப்பதால் இங்கே வரக் கூடாது என்று பில்டர் வக்கீல் சொன்னால், இரண்டில் எதை வேண்டுமானாலும் வாங்கியவர் தேர்ந்தெடுக்கலாம் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்துங்கள். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு இடறல். எந்த ஆணையம் என்பது ரிப்பேர் செலவான 38,000 ரூபாயை வைத்து அல்ல, நீங்கள் கொடுத்த விலையை வைத்து. 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடிவரை மாநில ஆணையம். உங்கள் 58 லட்சம் மாநில ஆணையத்துக்குப் போகும். ஆகவே, ரெராவில் பதிவான திட்டமாக இருந்தால் நான் உங்கள் இடத்தில் ரெராவுக்கே போவேன். முப்பது நாள் கெடு முடிந்த கையோடு படிவம் எம். ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் போடாதீர்கள்.

மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதச் சொல்லும் யோசனைக்காரர்கள் அடுக்ககத்துக்கு ஒருவர் இருப்பார். அவருக்குத் தலையாட்டிவிட்டு, பில் உள்ள தொகையை எழுதுங்கள்.

கேள்வி: ஆறு வீடுகள் மட்டும் உள்ள சின்ன அடுக்ககம். 42 லட்சத்துக்கு வாங்கினோம். ரெரா பதிவே இல்லை என்கிறார் பில்டர். கழிவு பைப் ஜாயிண்ட் விட்டுச் சுவர் ஊறுகிறது. எங்களுக்கு வழியே இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடம் என்றால் பதிவு தேவையில்லை என்பது உண்மை. அதனால் மோசமான வேலைக்கு மன்னிப்பு கிடைத்துவிடாது. சேவைக் குறைபாடு என்று உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், விலை 50 லட்சத்துக்குள்தான். வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டிவரும். பில்டரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நாளைக் கடத்தாதீர்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சில பில்டர்கள் அந்த ஒரு போனுக்கே ஆள் அனுப்புவார்கள், எல்லாரும் அல்ல.

கேள்வி: 2021-ல் ஒப்படைத்த வீட்டை 2024-ல் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். "உங்களுக்கு விற்றது நாங்கள் இல்லையே" என்கிறார் பில்டர்.
– வாசகர், திருச்சி

பதில்: வாங்கியவர் என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கத்தில், பின்னால் கிரயம் மூலம் பெற்றவரும் சேர்ந்தவர். வாடகைக்கு இருப்பவர்தான் சேரமாட்டார். ஆனால் கடிகாரம் உங்களுக்காகப் புதிதாக ஓடாது. 2021-ல் முதலில் சாவி கொடுத்த தேதியிலிருந்துதான் ஐந்து வருஷம். விற்றவரிடம் ஒப்படைப்புக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தராமல் இழுத்தால், முதல் மின் இணைப்புப் பெயர் மாற்றம், அசோசியேஷன் பராமரிப்புக் கட்டணத்தின் முதல் ரசீது, இவற்றில் ஏதாவது தேதிக்குத் துணை வரும்.

கேள்வி: ஷவர் மிக்ஸர் ஒழுகுகிறது. வீடு வாங்கி இரண்டு வருஷம். பில்டர், குழாய்க் கம்பெனியைப் பாருங்கள் என்கிறார். அவரை விடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இதில் அவர் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வெளியே தெரிகிற குழாய், மிக்ஸர், ஹெல்த் ஃபாஸெட் இவற்றுக்குத் தயாரித்த கம்பெனியின் வாரண்டி தனியாக உண்டு, பல கம்பெனிகள் ஆளையும் அனுப்புகின்றன. அவர்கள் முதலில் கேட்பது பில். பில் பில்டரிடம் இருக்கும். குழாயைச் சரிசெய்யச் சொல்லி அவரோடு சண்டை போடாமல், பில்லின் நகலை மட்டும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால், கம்பெனி ஆள் வருவதற்கு முன் மிக்ஸரைக் கழற்றாதீர்கள். உப்புப் படிவுதான் காரணம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், கழற்றியதும் நீங்கள்தான் என்று சேர்த்து.